காது கொடுத்தவர்கள்

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூருக்குப் போய் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், ஜவ்வாது மலை ஊரின் மேல் சாய்ந்தாற்போல் நிற்கும். அந்த மலைக்குள்ளே பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை என்று மலையாளி மக்கள் வாழும் ஊர்கள் இருக்கின்றன. (மலையாளி என்றதும் கேரளத்தை நினைத்துவிட வேண்டாம். இவர்கள் மலைவாசிகள், பேசுவது தமிழ்தான்.) மலையில் பெய்கிற மழை உத்தர காவிரி என்ற பெயரோடு இறங்கி வந்து, ஒடுகத்தூர்ப் பக்கமாக ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. வருஷத்தில் பெரும் பகுதி அது மணலாகத்தான் கிடக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மலைக்கு மேல் வானம் கறுத்துவிட்டால், மேலே நடந்த சமாசாரத்தைக் கீழே கொண்டு வந்து சொல்கிற தபால்காரன் அந்த ஆறுதான். சமாசாரம் வந்து சேரும்போது வெள்ளமும் கூடவே வந்து சேர்ந்துவிடும் என்பதுதான் சங்கடம்.

தண்ணீரை முந்திக்கொண்டு சேதி வர வேண்டும். வெள்ளம், புயல், பூகம்பம் எல்லாவற்றிலும் மனித உயிருக்கு உள்ள வழக்கு இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. இதே வட்டாரத்தில் 1903-ம் ஆண்டு நவம்பரில், மைசூர் சமஸ்தானத்துப் பக்கம் ஏரிகள் உடைந்து பாலாற்றில் பாய்ந்த வெள்ளம் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போயிற்று. சுமார் இருநூறு பேர் மாண்டார்கள். அந்த நினைவாக ஒரு கல் தூண் அங்கே உண்டு. ஏரி உடைந்த இடத்துக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே இருந்த தூரத்தைத் தண்ணீருக்கு முன்னால் ஒரு குரல் கடந்திருந்தால், எத்தனை பேர் மேட்டில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள் என்று அந்தத் தூணைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

தூரத்துக்குச் சேதி சொல்ல வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதல்ல. திருச்செந்தூரில் முருகனுக்கு உச்சிக்கால பூஜை நடந்ததை அறிந்த பிறகே வீரபாண்டிய கட்டபொம்மன் பாஞ்சாலங்குறிச்சியில் இலைக்கு முன்னால் உட்காருவான் என்றும், அதற்காக வழி நெடுக மணி மண்டபங்கள் கட்டி, ஒரு மணி கேட்டதும் அடுத்த மணியை அடிக்க ஆள் வைத்திருந்தான் என்றும் தென்பாண்டிச் சீமையில் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளையும் மதுரைத் திருமலை நாயக்கரையும் பற்றி இதே மாதிரிக் கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, அதில் உள்ள ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது. மணியை யாரும் வார்த்துவிடலாம். ஒவ்வொரு மண்டபத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தானே, அவன்தான் கிடைப்பதற்கு அரியவன். அவன் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பாஞ்சாலங்குறிச்சியில் அன்று பட்டினி.

நான் சொல்ல வந்தது இந்த மனிதர்களின் சரித்திரத்தைத்தான். சம்பளம் இல்லாமல், உத்தரவு இல்லாமல், தங்கள் வீட்டு மூலையில் ஒரு கம்பியில்லாத் தந்திப் பெட்டியை வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கொண்டிருக்கிறவர்கள். அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்பது சட்டத்தில் உள்ள பெயர். ஹாம் என்பது அவர்களே வைத்துக்கொண்ட செல்லப் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு அரை டஜன் கதைகள் இருக்கின்றன. ஒன்றும் நம்பும்படியாக இல்லை.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்று ஒருவர் இருந்தார். பொறியாளர், வானொலிப் பைத்தியம். 1914-ம் ஆண்டில் ஒரு நாள், 25 மைல் தூரத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒரு நண்பருக்குச் சேதி அனுப்பப் பார்த்தார். அன்று எட்டவில்லை. நடுவழியில் வின்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இருந்த இன்னொரு ஹாமைக் கூப்பிட்டு, 'இதை வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிடு' என்றார். சேதி போய்ச் சேர்ந்தது. கட்டபொம்மனின் மணி மண்டபத்தை மாக்ஸிம் மறுபடி கண்டுபிடித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். அந்த ஆண்டே அவர் ஆரம்பித்த சங்கத்தின் பெயரிலும் 'அஞ்சல்' என்ற சொல்லை வைத்தார். நம் வானொலி நிலையங்கள் 'அஞ்சல் செய்கிறோம்' என்று சொல்கின்றனவே, அதே அஞ்சல்.

அதற்கு முந்தின ஆண்டே, 1913 மார்ச்சில், ஒஹாயோ மாகாணத்தில் பெருவெள்ளம் வந்து தந்திக் கம்பங்கள் சாய்ந்தபோது, கல்லூரி மாணவர்களும் வீட்டில் பெட்டி வைத்திருந்த பையன்களும் நாள் கணக்காகச் சேதிகளை வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் அது அவரவர் மனசாட்சிப்படி நடந்த காரியம். ஒழுங்கு இல்லை. யார் முதலில் பேசுவது, எந்தச் சேதி அவசரம், யார் யாருக்குப் பொறுப்பு என்பதெல்லாம் வெள்ளம் வந்த பிறகு யோசிக்க முடியாத விஷயங்கள். மாக்ஸிமின் சங்கம் 1935-ல் ஆபத்துக் காலத் தொண்டர் படை என்று ஒன்றை அமைத்து, ஊருக்கு ஊர் பெயர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் இதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது. 1953 ஜனவரி 31-ந் தேதி இரவு வட கடல் பொங்கிக் கிழக்குக் கரைக்குள் புகுந்து முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஹாம்களிடம் பெட்டிகள் இருந்தன. பிறருக்காகச் சேதி அனுப்ப அவர்களுக்கு அனுமதி இல்லை! அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கேயும் தொண்டர் அமைப்பு பிறந்துவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் முதல் அமெச்சூர் என்று கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தாவைச் சொல்வார்கள், 1921-ம் ஆண்டு. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் 1924 மே மாதம் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 முதல் நாற்பது வாட் சக்தியுள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பினார்கள். நாற்பது வாட் என்றால் ஒரு பழைய குண்டு பல்பு சாப்பிடுகிற மின்சாரம்! பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடியது. கருவி சென்னை நகரசபையிடம் போய், 1930 ஏப்ரல் முதல் நகரசபை ஒலிபரப்பு நடந்தது. ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் 1938-ல்தான் வந்தது. அதாவது, நம் சென்னையில் வானொலியைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது சர்க்கார் அல்ல. பொழுதுபோக்குக்காகப் பெட்டி கட்டிய தனி மனிதர்கள்.

சர்க்கார் அதற்குள் வேறு காரியம் செய்து கொண்டிருந்தது. 1933-ல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் பெட்டியை வைத்திருப்பதே குற்றம் என்று ஆயிற்று. ஆறு ஆண்டுக்குப் பின் மகாயுத்தம் வந்ததும், ஒலிபரப்பும் கருவிகளைப் போலீஸில் ஒப்படைக்கும்படி ஹாம்களுக்கு உத்தரவு போயிற்று. பேசுகிற மனிதனைக் கண்டு ராஜாங்கம் பயப்படுவது இயற்கை. யாரோடு பேசுகிறான், என்ன பேசுகிறான் என்று அதற்குத் தெரிவதில்லை.

இங்கிலாந்திலும் 1939 ஆகஸ்டு கடைசியில் ஹாம்களின் அனுமதி பறிக்கப்பட்டது. ஆனால் அங்கே யாரோ ஒரு கெட்டிக்காரர், 'வாயைக் கட்டிவிட்டோம், காதை ஏன் வீணாக்க வேண்டும்?' என்று யோசித்திருக்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹாம்களை ரகசியமாகச் சேர்த்துக்கொண்டு, ஜெர்மன் ஒற்றர்களின் மோர்ஸ் ஒலியைக் கேட்டுக் காகிதத்தில் எழுதும்படி சொன்னார்கள். பகலில் கடையிலும் ஆபீஸிலும் வேலை. ராத்திரியில் காதில் குழாயை மாட்டிக்கொண்டு, அர்த்தமில்லாத எழுத்துக்களை மணிக்கணக்காக எழுதுவார்கள். எழுதியதைப் 'பெட்டி எண் 25, பார்னெட்' என்ற தபால் விலாசத்துக்கு அனுப்பிவிட வேண்டும். எதற்கென்று கேட்கக் கூடாது. பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது. அப்படி வந்த காகிதங்களிலிருந்து ஜெர்மன் உளவுப் படையின் சங்கேதங்கள் உடைந்தன என்பது அவர்களில் பலருக்கு வயோதிகத்தில்தான் தெரிந்தது.

நம் தேசத்தில் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் எல்லோரும் சிறைக்குப் போன பிறகு, பம்பாயில் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோ என்ற ரகசிய நிலையத்தை நடத்தினார்கள். அதற்குக் கருவி கட்டிக் கொடுத்தவர் நாரிமன் பிரின்டர் என்ற ஹாம். வீட்டுக்கு வீடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, நவம்பர் 12-ந் தேதி போலீஸ் கதவை உடைக்கும் வரை அது பேசியது. கருவி கட்டியவரே பிடிபட்டு இடத்தைக் காட்டிக் கொடுத்தார் என்பது அதன் துயரமான பகுதி. அந்த நிலையம் ஒலித்த அலைநீளம் 42.34 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது ஏழு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வருகிறது. இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று ராஜத் துரோகம் ஒலித்த அதே அலைவரிசையின் பக்கத்தில்தான், பின்னால் புயலிலும் பூகம்பத்திலும் இந்திய ஹாம்கள் உயிர் காக்கும் சேதிகளைப் பரிமாறிக் கொண்டார்கள்.

சுதந்திரம் வந்த பிறகு, 1948 மே 15-ந் தேதி, மத்திய இந்தியாவில் மோவ் என்ற படை முகாமில் இருந்த ராணுவத் தகவல் தொடர்புப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் பிறந்தது. ராணுவத்தின் மடியில் பிறந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் புதிய சர்க்காருக்கும் பழைய பயம் போக இன்னும் எவ்வளவு காலம் ஆகியிருக்குமோ! பயம் முழுவதும் போகவில்லை என்பதற்கு லைசென்ஸே சாட்சி. பரீட்சை எழுத வேண்டும். மோர்ஸ் தெரிய வேண்டும். போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போக வேண்டும். கருவியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி கழுத்தை நெரிக்கும். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த ராணுவ சாமான்களைப் பிரித்துப் பிரித்துத்தான் ஒரு தலைமுறை ஹாம்கள் பெட்டி கட்டினார்கள். தாமே ஒரு ஹாமாக இருந்த ராஜீவ் காந்தியின் காலத்தில்தான் இந்த வரிச் சுமை குறைந்தது. இன்னொரு விதியும் உண்டு. சாதாரண நாளில் ஒரு ஹாம் தன் பரிசோதனை விஷயங்களைப் பேசலாமே தவிர, அடுத்த வீட்டுக்காரருக்காக ஒரு சேதி கூட அனுப்பக் கூடாது. ஆபத்து வந்த நாளில் மட்டும் அதே காரியம் அவருடைய கடமையாகிவிடுகிறது. மூன்று மாதம் பேசாதே என்று குழந்தைக்கு உத்தரவு போட்டுவிட்டு, நாலாவது மாதம் மேடையில் ஏற்றிப் பிரசங்கம் செய் என்பதைப் போன்றது இது. ஆகவே, ஒத்திகையில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒத்திகையும் ஆளும் இல்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழர்களுக்கு வேறு உதாரணம் வேண்டாம். 1964 டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பாம்பனை விட்ட ரயில், தனுஷ்கோடியை நெருங்குகிற சமயத்தில் கைகாட்டி விழாமல் நின்று, பிறகு தயங்கித் தயங்கிப் புறப்பட்டு, மலைபோல் எழுந்த அலைக்குள் போய்விட்டது. 115 பேர் என்பது உத்தியோகக் கணக்கு. பாம்பன் பாலத்தின் இரும்பு விட்டங்கள் பெரும்பாலும் கடலில் விழுந்தன. கம்பிகளும் அறுந்தன. ஒரு ரயில் முழுவதும் காணாமல் போன சேதியைத் தலைமை அலுவலகம் வெளியிடச் சுமார் இரண்டு நாளாயிற்று. சேதி முன்னால் போயிருந்தாலும் ரயிலில் இருந்தவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனால் தீவில் எஞ்சியவர்கள் அந்த இரண்டு நாளையும் எப்படிக் கழித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கம்பி என்பது புயலுக்குக் கட்டுப்பட்ட வேலைக்காரன். புயல் அடிக்கிற இடத்திலேயே அதுவும் நிற்கிறது. அதே அடியில் அதுவும் விழுகிறது.

பெட்டி இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நூறு பேரிடம் பெட்டி இருந்து, நூறு பேரும் ஒரே சமயத்தில் 'ஐயோ, காப்பாற்று' என்றால் யாருக்கும் எதுவும் கேட்காது. கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் ஒரே சமயத்தில் சாம்பார் கேட்பது மாதிரிதான். அதற்காக ஹாம்கள் 'வலை' என்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ஒரே அலைவரிசையில் எல்லோரும் கூடுவார்கள். ஒருவர் தலைமை நிலையமாக இருப்பார். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசலாம். கூடியவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி, 'யாரிடமாவது அவசரச் சேதி உண்டா?' என்பது. உயிர்ச் சேதம், வைத்தியம் முதலில். நிவாரணச் சாமான் அடுத்து. 'சௌக்கியமா' என்று விசாரிக்கும் சேதி அதற்கும் அடுத்து. ஒவ்வொரு சேதிக்கும் எண், நேரம், அனுப்பியவர் பெயர், எத்தனை சொற்கள் என்ற கணக்கு எல்லாம் உண்டு. வாங்கியவர் சொற்களை எண்ணிப் பார்த்து, சரியாக வந்தால்தான் 'க்யூ எஸ் எல்', அதாவது பெற்றுக்கொண்டேன், என்பார். இல்லாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல்வார். பெயர்களை எழுத்தெழுத்தாக ஆல்ஃபா, பிராவோ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். காகிதத்தில் நாற்பது பெயர்கள் இருந்தால், நாற்பதையும் அப்படியே. ஒரு எழுத்துத் தவறினால் ஒரு வீட்டில் இழவு விழும், அல்லது விழ வேண்டிய வீட்டில் பொய்யான பாயசம் வைப்பார்கள்.

இந்த வேலையில் வீரம் ஒன்றும் தெரியாது. சலிப்புத்தான் தெரியும். அந்தச் சலிப்பைத் தாங்குகிறவனே நல்ல தொண்டன். எதையும் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிற எழுத்தாளர்கள் இதற்கு லாயக்கில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது 2004-ம் ஆண்டுக்கு வருவோம். அந்தமான் தீவுகள் பாதுகாப்புக் காரணத்தால் ஹாம்களுக்கு மூடியிருந்த இடம். 1987-க்குப் பிறகு அங்கிருந்து அமெச்சூர் வானொலி ஒலிக்க அனுமதி கிடைக்கவில்லை. உலகம் பூராவும் உள்ள ஹாம்களுக்கு அபூர்வமான இடங்களோடு பேசிவிட்டோம் என்று கணக்கு வைத்துக்கொள்வதில் ஒரு பித்து. தபால் தலை சேர்க்கிறவர்களின் பித்தைப் போல. ஆகவே, அந்தமானுக்காகப் பல ஆயிரம் பேர் காத்துக் கிடந்தார்கள். டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஆண்டுக்கணக்காக மனுப் போட்டு, அலைந்து, ஒரு வழியாக அனுமதி வாங்கினார். ஹைதராபாத்தில் இருந்த தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் கோஷ்டியோடு டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேர் போய் இறங்கினார். ஓட்டலில் கருவியை வைத்து, 'வி.யு.4 ஆர்.பி.ஐ.' என்ற அடையாளத்தோடு இரவும் பகலும் பேசிக் கொண்டிருந்தார். விளையாட்டு என்றே சொல்லலாம். மாதம் முழுவதும் விளையாட்டு.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி 29 நிமிஷம். பூமி நடுங்கியது. மின்சாரம் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. தொலைபேசிகள் அடங்கிவிட்டன. கார் நிகோபாரில் விமானப் படைத் தளமே நீருக்குள் போயிற்று. தெற்கே உள்ள தீவுகளில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது போர்ட் பிளேருக்கே தெரியவில்லை. அந்த நேரத்தில், பெருநிலத்தோடு பேசக்கூடிய ஒரு பெட்டியும், அதை இயக்கத் தெரிந்த கைகளும், மூன்று வாரமாக ஓயாமல் பேசிப் பழகிய காதுகளும் போர்ட் பிளேரில் இருந்தன. பாரதி பிரசாத் விளையாட்டை நிறுத்தினார். உலகத்து ஹாம்களை அலைவரிசையை விட்டு விலகி நிற்கச் சொன்னார். அவர்கள் விலகினார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்கள், ஒருவரை ஒருவர் பார்த்தறியாதவர்கள், ஒரு பெண் கேட்டுக்கொண்டதும் வாயை மூடிக்கொண்டது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பிறகு நாட்கணக்கில் பெயர்கள். இன்னார் உயிரோடு இருக்கிறார். இன்னார் முகாமில் இருக்கிறார். இன்னாரைப் பற்றித் தகவல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் போய்த் தீவில் குடியேறியவர்களின் குடும்பங்கள் இக்கரையில் தவித்துக் கொண்டிருந்தன. கோஷ்டியில் சிலர் கருவியோடு கார் நிகோபாருக்கே போனார்கள். போர்ட் பிளேரிலிருந்து பெருநிலத்து ஹாமுக்கு. அவரிடமிருந்து உள்ளூர்த் தொலைபேசியில் ஒரு வீட்டுக்கு. மணி மண்டபம்தான்.

அதே நாட்களில் இலங்கையில், தெற்குக் கரையில் அம்பாந்தோட்டை வெளி உலகத் தொடர்பு அற்றுக் கிடந்தது. இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த சில ஹாம்கள், விக்டர் குணதிலக என்ற மூத்த ஹாமின் ஏற்பாட்டில், சிற்றலைக் கருவியையும் கார் பாட்டரியையும் எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். அங்கிருந்து கொழும்பில் பிரதம மந்திரியின் இருப்பிடத்துக்கே நேரடிப் பேச்சு நடந்தது. பணச் செலவுள்ள நவீன சாதனங்கள் கைவிட்ட இடத்தில், ஒரு பாட்டரியும் ஒரு கம்பித் துண்டும் ராஜாங்கத்துக்குக் காதாக இருந்தன.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கை மறைக்கக் கூடாது. அனுமதி ஒரு மாதம் தாமதித்திருந்தால் அந்தமானில் அந்த கோஷ்டி இருந்திராது. அனுமதி தரத் தயங்கிய அத்தனை ஆண்டுகளில் எந்த ஆண்டிலும் பூகம்பம் வந்திருக்கலாம். ஹாம்கள் பத்து வருஷம் முன்பே தீவுகளில் வேரூன்ற விடப்பட்டிருந்தால், போர்ட் பிளேரில் மட்டுமல்ல, தெற்குத் தீவுகளிலும் உள்ளூர்ப் பையன்கள் நாலு பேராவது பெட்டியோடு இருந்திருப்பார்கள். பயத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுத்தார்கள் என்பது கணக்கில் வருவதில்லை. 2006 ஏப்ரலில் அதே போர்ட் பிளேரில், வெளிநாட்டு ஹாம்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்த அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு லட்சத்தீவும் திறந்தது. ஆபத்துக் காலத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு எல்லைகள் தடையாக இருக்கக் கூடாது என்று பின்லாந்தில் டாம்பெரே நகரத்தில் 1998-ல் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கை, அமலுக்கு வந்த தேதி 2005 ஜனவரி 8. சுனாமி வந்து பதின்மூன்றாவது நாள்! 2005 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற சிறு செயற்கைக்கோளை நம் விஞ்ஞானிகள் அனுப்பினார்கள். 2014 வரை அது வேலை செய்தது.

தொண்டர்களை எப்படிப் பழக்குவது என்பதற்கு வங்காளத்து ஹாம்கள் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவில் மகர சங்கராந்திக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுவார்கள். கூட்டத்தில் கிழவிகள் தொலைந்து போவார்கள். சிலருக்கு ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாது. சொன்னாலும் அந்த பாஷை அங்கே யாருக்கும் புரியாது. மேற்கு வங்க ரேடியோ கிளப்பின் தொண்டர்கள் ஹாம்களின் வலை மூலம் அவர்களுடைய குடும்பத்தைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைக்கிறார்கள். திருவிழாவே ஒத்திகை. தொலைந்த கிழவியைத் தேடிப் பழகியவனுக்கு, வெள்ளத்தில் சிக்கிய கிராமத்தைத் தேடுவது புது வேலையாக இராது.

நம் ஒடுகத்தூர் மாதிரி இடத்தில் இது எப்படி நடக்கும்? சின்ன அலைகள், அதாவது கையில் பிடிக்கும் பெட்டியில் வருகிற அலைகள், வெளிச்சத்தைப் போல நேராகப் போகும்; மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். மலைக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமானால் சிகரத்தில் அஞ்சல் நிலையம் வைக்க வேண்டும். ஏழு மெகாஹெர்ட்ஸ் (நினைவிருக்கிறதல்லவா?) வேறு ஜாதி. இருபது மீட்டர் நீளமுள்ள ஒரு செப்புக் கம்பியை இரண்டு புளியமரங்களுக்கு நடுவே, ரொம்ப உயரம் கூட இல்லாமல், துணி உலர்த்துகிற கொடி மாதிரிக் கட்டிவிட்டால், அலை செங்குத்தாக மேலே போய், வானத்து அயனி மண்டலத்தில் பட்டு, குடைபோல விரிந்து கீழே விழும். மலை எவ்வளவு உயரமானால் என்ன? பீஞ்சமந்தையிலும் விழும், வேலூரிலும் விழும், சென்னையிலும் விழும். ராத்திரியில் இதை விடத் தணிந்த அலைக்கு மாற வேண்டும். மின்சாரத்துக்கு டிராக்டர் பாட்டரி போதும்.

ஆனால் ஒன்று. 2023 மே மாதத்தில் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தது. பிறகு உடலைத் தாயே தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது. பாதை இல்லை. அங்கே சேதி போதாமல் போகவில்லை. சேதி கிடைத்தாலும் ஏறி வர வழி இல்லை. வானொலிப் பெட்டி பாதை போடாது. அதைப் பாதைக்குப் பதிலாகக் காட்டுகிற எவரையும் நான் நம்ப மாட்டேன். மறுபுறம், பாதை போட்ட பிறகும் ஒரு கார்த்திகை மழையில் மண் சரிந்து, கைபேசிக் கோபுரம் மின்சாரம் இல்லாமல் அணைந்து போகலாம். 2015 டிசம்பரில் சென்னைப் பட்டணத்திலேயே கைபேசிகள் ஊமையாகவில்லையா?

இதே ஜவ்வாது மலையில் காவலூரில், கோடானுகோடி மைலுக்கு அப்பாலிருந்து வரும் நட்சத்திர வெளிச்சத்தைப் பிடிக்க 1960-களில் வானாய்வுக்கூடம் அமைத்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற தகவலுக்கு அங்கே ராத்திரி முழுவதும் விழித்திருக்க ஆள் உண்டு. மலையின் இந்தப் பக்கத்து ஊர்களுக்கும் அப்படி இரண்டு பேர் கிடைத்தால் தேவலை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மின்சாரச் சாமான் பழுது பார்க்கிற பையன் ஒருவன். பன்னிரண்டு வயதானால் பரீட்சை எழுதலாம். ஆரம்ப நிலை லைசென்ஸுக்கு இப்போது மோர்ஸ் கூட வேண்டாம்.

லைசென்ஸ் கிடைத்த பிறகு அவர்கள் செய்ய வேண்டிய வேலை மிகவும் சாதாரணமானது. தினமும் காலையில் ஏழு மெகாஹெர்ட்ஸில் வலை கூடும். தலைமை நிலையம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இருக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஒலி நன்றாக வருகிறது, இன்று கொஞ்சம் இரைச்சல், இங்கே மேகமூட்டம் என்று நாலு வார்த்தை. கடைசியில், 'யாரிடமாவது அவசரச் சேதி உண்டா?' என்று கேட்டுவிட்டு, அவர் சிறிது நேரம் பேசாமல் இருப்பார். பெரும்பாலான காலைகளில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. வலையைக் கலைத்துவிட்டு எல்லோரும் அவரவர் வேலைக்குப் போவார்கள்.